ஹானுசுக்குப் பிறகு எல்லோரும்

டிசம்பரில் தோர்ஷாவ்னில்
மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
ஆவணக் காப்பகம், இரண்டாம் மாடி.
நான், மார்யுன், கொதித்துக்கொண்டே இருக்கும் ஒரு கெட்டில்.
தெற்குத் தீவின் திருச்சபைப் பதிவேடு:
நாலாயிரத்து இருநூறு பேர், எல்லோரும் எக்ஸ்எம்எல்லில்,
ஆளுக்கு ஐந்து பெட்டி.
பிறப்பு, ஞானஸ்நானம், மணம், இறப்பு,
கடைசியில் அடக்கம் செய்த இடம்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு
அந்தக் கடைசிப் பெட்டி காலி.
திறந்த கையோடு மூடிவிட்டதற்கு அடையாளமாக
பெட்டியின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு.
எக்ஸ்எம்எல் அதைப் பார்த்துத் தலையாட்டும்:
சரி, உள்ளே ஒன்றுமில்லை, அடுத்த ஆள்.

அடக்க இடத்தை மட்டும் சாய்வெழுத்தில் காட்டு என்று
மாற்றும் நிரலில் எழுதியிருந்தேன்.
ஓடவிட்டேன். உலாவியைத் திறந்தேன்.
முதல் இருநூறு பேர் சொன்னபடி நின்றார்கள்.
பிறகு ஹானுஸ் யோவன்சன்,
இருபத்தாறு வயது, ஐஸ்லாந்துக் கடல், ஒரு மார்ச் மாதம்.
அவருக்குப் பிறகு எல்லோரும்
சாய்ந்திருந்தார்கள்.

அவர் மனைவி சாய்ந்திருந்தாள்.
அவளுடைய இரண்டாவது திருமணம் சாய்ந்திருந்தது.
பள்ளி ஆசிரியர், மருத்துவச்சி,
பிறந்த அன்றே பெயரில்லாமல் போன இரட்டையர்,
பாதிரியாரின் பசு தொலைந்ததைச் சொல்லும் அடிக்குறிப்பு,
பக்கத்தின் அடியில் எங்கள் அலுவலக நேரம்,
தொலைபேசி எண்ணின் எட்டும் சுழியமும்கூட,
மேற்குக் காற்றை எதிர்த்து நடப்பவர்களைப் போல.

உலாவியின் கண்ணில் சாய்கோடு படுவதில்லை.
திறந்தது தெரியும். மூடியதைக் காணாவிட்டால்
இன்னும் திறந்தே கிடக்கிறது என்று
அது பாட்டுக்கு நம்பிக்கொண்டிருக்கும்.
ஹானுசுக்கு இல்லாத கல்லறைக்குள்
ஊரே இறங்கியிருந்தது.

"உள்ளே ஓர் இடைவெளியைத் தட்டிவிடு,
யாருக்கும் தெரியாது" என்றான் அடுத்த அறை ஹோக்னி.
மூலத்திலேயே தட்டினேன். ஊர் நிமிர்ந்தது.
மாலையில் மார்யுன் கணக்கைப் பார்த்தாள்:
அடக்க இடம் தெரிந்தவர்கள்
நேற்றைவிட நூற்று முப்பத்தொரு பேர் அதிகம்.
"யார் கண்டெடுத்தது?" என்றாள்.
சிரிக்கவில்லை. அவர்களில் மூன்று பேருக்கு
அவளுடைய குடும்பப் பெயர்.
"எதையும் வைக்காதே. மூடு, போதும்."

மூடினேன். காலியாயிருந்த எல்லாவற்றையும்,
திறப்புக்கொரு மூடல் என்று சோடி சோடியாக.
புயல் நாளில் பாதிரியார் எழுதிய குறிப்பில் இப்போது
ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இன்னொரு வரி வெறுமை.
வரிமுறிப்புக்கு மூடல் கிடையாது.
மூடினால் உலாவி அதை
இரண்டாவது முறிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.
வரிமுறிப்பு, குறுக்குக்கோடு, படம்,
இவற்றுக்கெல்லாம் வயிறே இல்லை.
மற்றவற்றுக்கு வயிறு உண்டு, சோறு வரவில்லை.
எக்ஸ்எம்எல் இரண்டையும் ஒரே சாய்கோட்டில் எழுதும்.
வயிறில்லாததும் பட்டினி கிடப்பதும் ஒன்றா?

எட்டு மணிக்குக் கையேட்டின் நடுப்பக்கத்தில்
அகப்பட்டது. நிரலின் தலைமாட்டில் ஒரு வரி.
வெளியீட்டு முறை எக்ஸ்எம்எல் என்றிருந்ததை
எச்டிஎம்எல் என்று மாற்ற வேண்டும்.
ஒரு சொல்.
எதை மூடுவது, எதை அப்படியே விடுவது என்று
அதற்கே தெரியுமாம்.
மூன்று நாள் போயிருந்தது.
ஒரு சொல் என்பதை மார்யுனிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஒருமுறை உருட்டிப் பார்த்தேன்.
ஹானுஸ் நேராக. அவர் மனைவி நேராக.
இரட்டையர், பசு, தொலைபேசி எண் நேராக.
அடக்கம் என்ற சொல்லுக்கு எதிரே வெள்ளை,
அது தன் வரியைத் தாண்டி வழியவில்லை.
ஆனால் ஹானுசின் பதிவில் ஒரு சொல் மட்டும்
இன்னும் சாய்ந்து நின்றது.
பதறிப்போய் மூலத்தைத் திறந்தேன்.

அவர் ஏறிப் போன கப்பலின் பெயர்.
கப்பல் பெயர்களைச் சாய்த்துத்தான் எழுத வேண்டும்,
அது மார்யுன் போட்ட விதி.
கெட்டிலை அணைத்தேன், பிறகு விளக்கை.